மெஸ் ரசீதுக்கு லேமினேஷன் போடலாமா?

கேள்வி: என் அப்பா 1950-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்தவர். பட்டச் சான்றிதழ், பட்டமளிப்பு விழா அழைப்பிதழ், குரூப் போட்டோ, மாணவர் மலர், ஒரு கட்டு மெஸ் ரசீது எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. லேமினேஷன் செய்து பல்கலைக்கழகத்திடமே ஒப்படைக்கலாமா?

பதில்: ஒப்படைக்கலாம். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை காகித இழைக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. கடைக்காரர் 'நூறு வருஷம் தாங்கும்' என்பார். தாங்குவது பிளாஸ்டிக், உள்ளே தாள் பழுப்பேறிக்கொண்டே இருக்கும். செலோடேப்பும் அப்படித்தான், கறை விட்டுப் போகும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மெதுவாக நகர்த்தி எடுங்கள். ரசீதுகள் இருந்த வரிசையிலேயே இருக்கட்டும். குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அழைப்பிதழ் நூற்றுக்கணக்கில் அச்சானது. எங்காவது ஒன்று கிடைக்கும். 1929-இல் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே தொடங்கிய ஓர் இடத்தில், மாணவன் மாதாமாதம் என்ன கட்டிச் சாப்பிட்டான் என்பதை அந்தத் துண்டுச் சீட்டுதான் சொல்லும்.

குரூப் போட்டோவை ஃப்ரேமிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. ஆனால் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே வைத்து, இரு பக்கமும் சாய்வாக வெளிச்சம் விழச் செய்து, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். யார் யார் என்பதை வரிசைவாரியாக, இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதுங்கள். பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு.

ஸ்கேன்: தாள்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), போட்டோவுக்கு 600, ஸ்கேனின் மூலப்பிரதி தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக. மலரை ஸ்கேன் சென்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். வேகமாக முடிக்க முதுகை வெட்டித் தாள்தாளாக்கிவிடுவார்கள்.

'பழைய பேப்பர் சேகரிக்கிறோம், மியூசியத்துக்குப் போகும்' என்று வரும் ஏஜென்டுகளுக்குப் பெட்டியைத் திறந்தே காட்டாதீர்கள். தபால்தலையும் பிரமுகர் கையெழுத்தும் உள்ள தாளை மட்டும் உருவி விற்பார்கள். மீதி எடைக்குப் போகும்.

பட்டச் சான்றிதழின் அசல் வீட்டில் இருக்கட்டும், நகல் போதும். மற்றவற்றுக்கு இரண்டு பிரதி பட்டியல் போட்டு, நூலகத்தில் யார் பொறுப்பு என்று கேட்டு, ஒரு பிரதியில் கையொப்பம், முத்திரை, பதிவு எண் மூன்றும் வாங்குங்கள். 'வைத்துவிட்டுப் போங்க சார், பார்த்துக்கறோம்' என்றால் பெட்டியோடு திரும்பிவிடுங்கள். ஆவணக் காப்பாளர் என்ற பணியிடத்தையே நிரப்பாத அலுவலகங்களில், பதிவாகாத பெட்டி பழைய விடைத்தாள் கட்டுகளோடு டெண்டரில் போய்விடும்; கேட்பாரும் இல்லை, பதில் சொல்வாரும் இல்லை.

அதுவரை பரண் வேண்டாம். கான்கிரீட் தளத்தின் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து அரையடி உயரத்தில், அந்துருண்டை போடாமல் வையுங்கள்.