மைக் பிடிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, போட்டிகளுக்கு நடுவராகப் போவது, கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் பேசுவது என்று இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். மேடைப் பேச்சு, கூட்டத்தில் பேசுவது, பிரசன்டேஷன், எது வேண்டுமானாலும் கேளுங்கள். திக்குவாய் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். அதற்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போவதுதான் சரி.

மன்னார்குடி, பி.காம் மாணவி: டீச்சர், மேடையில் கை நடுங்குகிறது, வாய் உலர்ந்துவிடுகிறது. பயம் போக என்ன வழி?

பதில்: பயம் முழுசாகப் போகாது அம்மா. காலமெல்லாம் பேசியவர்களுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். அட்ரினலின் சுரப்பதால்தான் இதயம் வேகமாக அடிக்கிறது, எச்சில் வற்றுகிறது, விரல் நடுங்குகிறது. பேச ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் அது தானாகத் தணியும். அதனால் நீங்கள் காப்பாற்ற வேண்டியது முதல் ஒரு நிமிடத்தைத்தான். முதல் மூன்று வாக்கியம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். மேடை ஏறுமுன் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள், நாலைந்து தடவை போதும். குறிப்பை ஏ4 தாளில் எழுதிக்கொண்டு போகாதீர்கள். கை நடுக்கம் தாளில் பெரிதாகத் தெரியும், சலசலப்பு மைக்கிலும் கேட்கும். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையைப் பாதியாக வெட்டி, பின்பக்கம் பெரிய எழுத்தில் ஐந்தாறு சொல் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை இன்று பல தடவை சொல்வேன்: மைக்கைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். "வணக்கம்" என்று சொன்னாலே அது வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

பேராவூரணி பக்கம், விவசாயி: கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். நான் விஷயத்துக்கு வருவதற்குள் "அடுத்தவர்" என்கிறார்கள்.

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்காகவே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நிமிடத்தை வீணாக்குவது பெரும்பாலும் தொடக்கம்தான். மாண்புமிகு, மேன்மைமிகு, வந்திருக்கும் அத்தனை அதிகாரிகள், சங்கத் தலைவர்கள் என்று வரிசையாகக் கூப்பிட்டு, காவிரித் தாயைப் புகழ்ந்து முடிக்கும்போது ஒரு நிமிடம் போயிருக்கும். "அனைவருக்கும் வணக்கம்" போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் நாலு விஷயம், இந்த வரிசையில்: எந்த இடம், என்ன குறை, எவ்வளவு பாதிப்பு, யார் எப்போது என்ன செய்ய வேண்டும். "இன்ன கிராமம், கல்லணைக் கால்வாயின் இன்ன கிளை வாய்க்கால். கல்லணை திறந்து இத்தனை நாளாகியும் எங்கள் மதகுக்குத் தண்ணீர் வரவில்லை. இன்ன பாலத்துக்குக் கீழே ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, போட்டோ மனுவோடு இருக்கிறது. நாற்று விட்ட இத்தனை ஏக்கர் காய்கிறது. அடைப்பை எந்தத் தேதிக்குள் எடுப்பார்கள் என்று சம்பந்தப்பட்ட பொறியாளர் இங்கேயே சொல்ல வேண்டும்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த மௌனம் ரொம்ப முக்கியம். நீங்கள் தொடர்ந்து பேசினால் பதில் சொல்ல வேண்டியவர் தப்பித்துவிடுவார்.

எண்ணை எண்ணாகவே சொல்லுங்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரை எடுப்பது வழக்கமான விதி. உங்கள் நெல் 19 காட்டியிருந்தால் 19 என்றே சொல்லித் தளர்வு கேளுங்கள். "லேசா ஈரம்" என்றால் எழுதிக்கொள்பவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. மனுவிலும் அதே வரிசை இருக்கட்டும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது, ஆனால் அதைக் கடைசி வாக்கியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூர்: மேடை பயத்தை எப்படிப் போக்குவது?

பதில்: மன்னார்குடிப் பெண்ணுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சாவூர், இன்ஜினியரிங் மாணவர்: புராஜெக்ட் பிரசன்டேஷன் பத்து நிமிடம். எத்தனை ஸ்லைடு வைக்கலாம்? போன தடவை தமிழ் எழுத்தெல்லாம் உடைந்து ஏதோ ஆங்கில எழுத்தாக வந்துவிட்டது.

பதில்: பத்துக்கு மேல் வேண்டாம் தம்பி. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், கடைசி பெஞ்சிலிருந்து படிக்க முடிகிற எழுத்து. ஸ்லைடைத் திரும்பிப் பார்த்து வாசிக்காதீர்கள், வாசிப்பதற்கு அவர்களுக்கே கண் இருக்கிறது. எழுத்து உடைவதற்குக் காரணம் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் வராது. யூனிகோடில் அடியுங்கள், கூடவே பிடிஎஃப் நகல் ஒன்றும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் பேசுகிற அளவுக்கு விஷயம் உங்கள் மனதில் இருக்க வேண்டும்.

மயிலாடுதுறை, ஒரு தாய்: ஆறாம் வகுப்பு மகளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். நடுவில் ஒரு சொல் மறந்து அழுதுகொண்டே இறங்கிவிட்டாள்.

பதில்: குழந்தை மேல் தப்பில்லை. எழுதியது நீங்கள், சொற்கள் உங்களுடையவை, ஒரு கண்ணி விட்டால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அடுத்த முறை தலைப்பைச் சொல்லி, அவளையே உங்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்னதிலிருந்து ஐந்து குறிப்பு எடுங்கள். தினமும் அந்த ஐந்தை வைத்துக்கொண்டு வேறு வேறு சொற்களில் பேசட்டும். தொடக்கமும் முடிவும் மட்டும் மனப்பாடம். இப்போதைக்கு முதலில் அவளை நன்றாகப் பேசினாய் என்று சொல்லிக் கொஞ்சுங்கள்.

சீர்காழி: டீச்சர், இதை ஒத்துக்கொள்ள முடியாது. நாங்கள் ஓதுவார் குடும்பம். அப்பா சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் பதிகங்களை நெட்டுரு செய்தோம், ஒரு எழுத்துத் தப்பாது. சம்பந்தர் பிறந்த ஊரிலிருந்து கேட்கிறேன், மனப்பாடம் தப்பா?

பதில்: தேவாரத்தில் ஒரு எழுத்து மாறக்கூடாது, அதனால் மனப்பாடம் வேண்டும், அந்த உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பேச்சு எதிரே இருப்பவரைப் பார்த்து மாற வேண்டியது. மராட்டியக் கீர்த்தன முறையை எடுத்துத் தமிழில் கதாகாலட்சேபத்துக்கு, அதாவது பாட்டோடு கதை சொல்லும் கலைக்கு, வடிவம் கொடுத்தவர் நம் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். அந்தக் கலையில் பாட்டும் சுலோகமும் மனப்பாடம், நடுவில் கதை சொல்வது சபையைப் பார்த்து. கூட்டம் அசந்தால் உபகதையைச் சுருக்குவார்கள், ரசித்தால் நீட்டுவார்கள். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

சீர்காழி: அப்படியானால் மனப்பாடம் வேண்டும் என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்?

பதில்: மேற்கோள், பாட்டு, தேதி, முதல் வரி, கடைசி வரி, இவை மனப்பாடம். முழு உரை வேண்டாம்.

தஞ்சாவூர், இன்னொருவர்: பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள்கூட அதே ஜோக்கை ஊர் ஊராக ஒப்பிக்கிறார்களே?

பதில்: ஒப்பிக்கிறார்கள், கேட்கிறவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் குன்றக்குடி அடிகளார். மயிலாடுதுறைப் பக்கத்து நடுத்திட்டில் பிறந்தவர். இந்த வடிவத்தின் உயிரே, எதிரணி இப்போது சொன்னதற்கு இப்போதே பதில் சொல்வதில் இருக்கிறது. அதை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வர முடியாது.

சீர்காழி: பள்ளிப் போட்டியில் ஒப்பிக்கிற பிள்ளைக்குத்தான் பரிசு கொடுக்கிறார்கள். உங்கள் வழியில் போனால் எங்கள் பிள்ளை தோற்கும்.

பதில்: இது நியாயமான அடி. தடங்கலில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு மதிப்பெண் அள்ளிக் கொடுக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள், அது எனக்கு மனவேதனை. நான் நடுவராகப் போகும் இடத்தில் பேச்சு முடிந்ததும் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், அவர்கள் பேசியதிலிருந்தே. புரிந்து பேசியவர் அந்த இடத்தில் தெரிந்துவிடுவார். மற்ற நடுவர்களும் இதைச் செய்யலாம், ஒரு நிமிடம்தான் ஆகும். உங்கள் பிள்ளைக்குப் பதிகம் சொல்லிப் பழகிய நாக்கு இருக்கிறது, ழகரம் தானாக வரும். அதோடு சொந்தச் சொற்களும் சேர்ந்தால் யார் தோற்கடிக்க முடியும்?

நாகப்பட்டினம்: நான் பேசும்போதெல்லாம் மைக் விசில் அடிக்கிறது.

பதில்: ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் மைக்கோடு போய் நிற்கிறீர்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய்த் திரும்பத் திரும்ப வருவதுதான் அந்த விசில். பாக்ஸுக்குப் பின்னால் நில்லுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், பொத்தினால் எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுக்கும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, சற்றுச் சாய்த்துப் பிடித்தால் 'ப' சொல்லும்போது வெடிக்காது. கடற்காற்று அடிக்கிற மேடை என்றால் மைக்செட்காரரிடம் ஸ்பாஞ்சு உறை கேளுங்கள். தட்டாதீர்கள், ஊதாதீர்கள்.

பாபநாசம்: தமிழ் மீடியத்தில் படித்தவன். வேலையில் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது. கிராமத்து ஆளுக்கு அது வருமா?

பதில்: உங்களுக்கு அடுத்த வலங்கைமானில் 1869-இல் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலப் பேச்சை லண்டன்வரை வியந்தார்கள், 'வெள்ளி நாக்கு' என்றே பெயர். ஊர் தடையில்லை. சிறிய வாக்கியங்களாகப் பேசுங்கள். உங்கள் பேச்சை போனில் பதிவு செய்து கேளுங்கள், முதலில் கூச்சமாக இருக்கும், விடாதீர்கள்.

வேதாரண்யம்: பேசினால் தொண்டை கட்டிக்கொள்கிறது.

பதில்: காலையிலிருந்தே தண்ணீர் குடியுங்கள், மேடையில் குடிக்கும் ஒரு மடக்கு போதாது. தொண்டையைக் கனைக்காதீர்கள். மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

பட்டுக்கோட்டை: எந்தக் குறளோடு தொடங்கலாம்?

பதில்: குறளோடு தொடங்க வேண்டாம். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நடுவில் சொல்லுங்கள், பொருளோடு.

ஒரத்தநாடு: பயம் வராமலிருக்க...

பதில்: பயத்துக்கு இனிப் பதில் இல்லை. மேலே இருக்கிறது.

குத்தாலம், மகளிர் குழு உறுப்பினர்: கிராம சபையில் பெண்கள் எழுந்தால் "சரி சரி, உட்காரும்மா" என்கிறார்கள்.

பதில்: இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது அம்மா. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முந்தின வாரமே குழுவில் பேசி ஒரே ஒரு கோரிக்கையை முடிவு செய்யுங்கள், தெருவிளக்கோ குடிநீரோ. பின்னால் சேர்ந்து உட்காராதீர்கள், முன்வரிசையில் பிரிந்து உட்காருங்கள். ஒருவர் எழுந்து சொல்லும்போது உட்காரச் சொன்னால், இன்னொருவர் வேறு பக்கத்திலிருந்து எழுந்து அதே கோரிக்கையை அதே சொற்களில் சொல்லட்டும், பிறகு மூன்றாமவர். குரலை உயர்த்த வேண்டியதில்லை, மெதுவாக, தெளிவாக. முடிவில் அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று கேளுங்கள், எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.