தூன் ஏரியின் ஐந்து கோட்டைகள்: எங்கே இறங்குவது, எதைக் கப்பலிலிருந்தே பார்ப்பது?

கேள்வி: ஜூலை கடைசியில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறோம். இண்டர்லாக்கனில் மூன்று நாள் தங்கல். பக்கத்தில் உள்ள தூன் ஏரியைச் சுற்றி ஐந்து கோட்டைகள் இருப்பதாகப் படித்தேன். ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. மகனுக்கு 11 வயது, கோட்டை என்றால் உயிர். சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்திருக்கிறோம். இதற்குப் பதிலாக ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் சியோன் கோட்டைக்குப் போய்விடலாமா என்றும் ஒரு யோசனை.

பதில்: ஒரே நாளில் ஐந்து வாசல்களைத் தொட்டுவிட்டு வரலாம். ஆனால் உங்கள் அம்மா மூன்றாவது வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார், பையனும் ஒன்றையும் நிதானமாகப் பார்த்திருக்க மாட்டான். இரண்டு கோட்டைகளுக்கு உள்ளே போங்கள். மற்ற மூன்றையும் கப்பலிலிருந்து பாருங்கள். மனசில்லாமல் சொல்லும் சமாதானம் இல்லை இது. இந்தக் கட்டடங்கள் எல்லாமே ஏரியைப் பார்த்து நிற்பவை. தண்ணீரில் வரும்போதுதான் அவற்றின் முகம் முழுதாகத் தெரியும்.

சியோன் அருமையான கோட்டை, சந்தேகமே இல்லை. ஆனால் இண்டர்லாக்கனிலிருந்து போய் வரவே நாளின் பெரும்பகுதி ரயிலில் கழிந்துவிடும். மோன்த்ரோ பக்கம் தங்கும் வாய்ப்பு வரும்போது அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐந்தையும் கோட்டை என்று சேர்த்துச் சொன்னாலும், காவலுக்காகக் கட்டியவை தூன், ஓபர்ஹோஃபன், ஸ்பீட்ஸ் ஆகிய மூன்றுதான். ஷடாவும் ஹ்யூனெக்கும் 19-ஆம் நூற்றாண்டுப் பணக்காரர்கள் ஏரிக்கரையில் கட்டிக்கொண்ட மாளிகைகள். அழகானவைதான். ஆனால் மதிலையும் கொத்தளத்தையும் எதிர்பார்த்து வரும் பையனை அங்கே கூட்டிக்கொண்டு போனால் முகம் வாடிவிடும்.

அவனுக்கான இடம் தூன். காலையில் இண்டர்லாக்கனிலிருந்து ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஊருக்கு மேலே குன்றின் உச்சியில், நான்கு மூலைக்கும் ஒரு கோபுரமாக நிற்கிறதே, அந்தச் சதுரமான வெள்ளைக் கட்டடத்தை ஸேரிங்கன் வம்சத்துப் பிரபு ஐந்தாம் பெர்ஹ்தோல்ட் 1190-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டினார். 1191-இல் பெர்ன் நகரத்தை நிறுவியவரும் அவரே. 1218-இல் வாரிசு இல்லாமல் இறந்துபோனதால் கோட்டை கைபுர்க் குடும்பத்துக்குப் போனது. 1322-இல் அந்தக் குடும்பத்தின் சகோதரர்கள் இருவருக்குள் சொத்துத் தகராறு வந்து, இதே கோட்டையில் ஹார்ட்மன் கொலையானார். பழி அவருடைய தம்பி எபர்ஹார்டின் மேல் விழுந்தது. மறு ஆண்டே எபர்ஹார்ட் தூனைப் பெர்னுக்கு விற்று, அதைப் பெர்னிடமிருந்தே மானியமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1384-இல் ஊர் முழுவதுமாகப் பெர்ன் கைக்கு வந்தது. இந்தக் கதையைப் படியேறுவதற்கு முன்பே பையனிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு அறையையும் அவனே துருவிப் பார்ப்பான்.

உள்ளே தவறவிடக் கூடாதது வீரர் மண்டபம். மத்திய காலத்து மண்டபம் இவ்வளவு முழுமையாகத் தப்பிப் பிழைத்திருப்பது அபூர்வம். கனத்த சுவர், மேலே மரக் கூரை, அந்தச் சுவரின் ஆழத்துக்குள் பதிந்த சன்னல்கள். ஒரு சன்னல் குழிவுக்குள் பையனை நிற்க வைத்துப் பாருங்கள், சுவர் எத்தனை தடிமன் என்பது தானாகப் புரியும். அங்கிருந்து மேலே ஏறி மூலைக் கோபுரங்களுக்குப் போனால் ஒரு பக்கம் தூன் ஊரின் கூரைகள், இன்னொரு பக்கம் ஏரி, அதற்கும் பின்னால் பனிமலைகள்.

அம்மாவுக்கு இந்த ஏற்றம் வேண்டாம். பழைய ஊரிலிருந்து மேலே போகும் வழியெல்லாம் படிக்கட்டு, கோட்டைக்குள்ளும் படிகள்தான். நீங்களோ உங்கள் கணவரோ மட்டும் பையனோடு மேலே போங்கள். மற்றவர் அம்மாவோடு ஆரே ஆற்றங்கரையில் இருக்கலாம். அந்தக் கரை சமதளம், உட்கார இடமும் நிழலும் உண்டு. மேலே போய் வர இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு கப்பல். தூன் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. உங்கள் பாஸ் இந்த ஏரிக் கப்பல்களுக்குச் செல்லும், தனிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் பாஸ் எந்த வகுப்போ அந்த வகுப்பில்தான் உட்கார வேண்டும். மேல்தளம் முதல் வகுப்புக்கு உரியது. கால அட்டவணையில் 'புளூம்லிஸால்ப்' என்ற நீராவிக் கப்பல் உங்கள் நேரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். 1906-இல் கட்டியது. பக்கவாட்டில் பெரிய சக்கரம் சுழன்று தண்ணீரைத் தள்ளும். இயந்திரம் வேலை செய்வதை உள்ளேயே நின்று பார்க்கலாம். உங்கள் பையனை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம்.

கிளம்பிய சற்று நேரத்தில், ஆரே ஆறு ஏரியை விட்டு வெளியேறும் இடத்தில், வலது கையில் ஷடாவ் தெரியும். 1850-ஐ ஒட்டிக் கட்டியது, இப்போது உணவகமும் விடுதியுமாக இருக்கிறது. அதன் பூங்காவில் ஒரு வட்டக் கட்டடம் உண்டு. பாசெல் ஓவியர் மார்க்வார்ட் வோஹர் 1814-இல் முடித்த தூன் நகரத்தின் சுற்றுக்காட்சி ஓவியம் அதற்குள் இருக்கிறது. உலகில் எஞ்சியிருக்கும் இவ்வகை ஓவியங்களில் மிகப் பழையது இதுவே. மழை பெய்தால் அங்கே போங்கள். அடுத்து இடது கரையில் மரங்களுக்கு நடுவே ஹ்யூனெக். 1860-களில் பிரெஞ்சுப் பாணியில் எழுப்பிய மாளிகை. பெரும்பாலும் பிற்பகலில்தான் திறப்பார்கள், அதனால் உங்கள் திட்டத்தில் பொருந்தாது.

ஓபர்ஹோஃபனில் இறங்குங்கள். துறையிலிருந்து கோட்டை ஒரு கூப்பிடு தூரம். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் ஒரு சிறு கோபுரம், கரையோடு அதை இணைக்கும் பாலம் போன்ற நடை: அஞ்சலட்டைகளில் நீங்கள் பார்த்திருக்கும் படம் இதுதான். நடுவில் உள்ள பழைய காவல் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைச் சுற்றி நூற்றாண்டுக்கு ஒன்றாக அறைகள் சேர்ந்துகொண்டே வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் இதை வாங்கிய போர்த்தலேஸ் பிரபுக் குடும்பம், கோபுரத்தின் உச்சியில் துருக்கியப் பாணியில் ஒரு புகைபிடிக்கும் அறையை அமைத்தது. கீழே ஆயுதம் தாங்கிய கோபுரம், மேலே திண்டும் வண்ண வேலைப்பாடும். இந்த முரண்தான் எனக்கு இந்தக் கோட்டையில் மிகவும் பிடித்த விஷயம். அம்மாவுக்கு மாடி ஏற முடியாவிட்டாலும் நஷ்டமில்லை. ஏரியை ஒட்டிய பூங்காவில் பூப்பாத்திகளும் பெரிய மரங்களும் இருக்கின்றன; எதிர்க்கரையில் 2,362 மீட்டர் உயர நீசன் மலை கூம்பு மாதிரி நிற்கும். அவருக்கு அந்த நாளின் சிறந்த நேரம் இங்கேதான் அமையும்.

அப்புறம் மீண்டும் கப்பல். எதிர்க்கரையில் ஸ்பீட்ஸ் வரும்போது எல்லோரும் வெளித்தளத்துக்கு வந்துவிடுங்கள். சிறிய விரிகுடா, மேட்டில் கோட்டைக் கோபுரம், பக்கத்தில் ஆயிரம் வருஷத்துத் தேவாலயம். 1476-இல் முர்ட்டன் நகரத்தைப் பர்கண்டியின் சார்ல்ஸிடமிருந்து காத்த அட்ரியன் ஃபொன் பூபன்பெர்க்கின் குடும்பக் கோட்டை அது. இங்கே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்பீட்ஸ் ரயில் நிலையம் ஏரியிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. மாலையில் களைத்துப்போன மூட்டோடு அந்த மேட்டை ஏற வைக்கக் கூடாது. கப்பலிலேயே இருந்தால் இண்டர்லாக்கன் மேற்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கிவிடும்.

இதே பயணத்தைத் தலைகீழாக, இண்டர்லாக்கனில் கப்பல் ஏறியும் செய்யலாம்தான். ஆனால் தூனிலிருந்து வந்தால் பனிமலைகள் உங்கள் எதிரே இருக்கும், பிற்பகல் வெயிலும் அவற்றின் மேல் விழும். அதோடு, படியேறும் வேலை காலையிலேயே முடிந்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று ஓபர்ஹோஃபன் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. டிராவல் பாஸ் கோட்டை அருங்காட்சியகங்களுக்கும் பொதுவாகச் செல்லும், வாசலில் காட்டினால் போதும். ஓபர்ஹோஃபனில் இறங்கியதும் துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, இண்டர்லாக்கன் வரை போகும் கடைசிக் கப்பலுக்கு முந்தைய கப்பலைக் குறித்துக்கொள்ளுங்கள். அதையும் விட்டுவிட்டால் கரையோரச் சாலையிலேயே பேருந்து வரும். அதில் தூனுக்குப் போய் ரயிலைப் பிடிக்கலாம்.