பத்து கன அடி லாக்கு, ஆறரை கன அடி பலகை: மீதி எங்க போச்சு?

கேள்வி: சார், மாதவரம் பக்கம் ஒரு மரவாடியில கதவு செய்ய தேக்கு லாக், அதாவது உருட்டுக்கட்டை, ஒண்ணு வாங்கினோம். சுத்தளவு 48 இன்ச், நீளம் 10 அடி, பத்து கன அடின்னு பில். சா மில்லுல ஒரு இன்ச் பலகையா அறுத்தா ஆறரைதான் தேறுது. மில்லுக்காரர் அமுக்கிட்டாரா?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி கணக்கைப் பாத்துடுங்க சார். உருட்டுக்கட்டைக்கு சுத்தளவை நாலால வகுத்து, வர்றதை அதாலயே பெருக்கி, அப்புறம் நீளத்தால பெருக்குவாங்க, உங்களுக்கு 12 இன்ச், அதாவது ஒரு அடி, அதான் பத்து கன அடி. நிஜத்துல அந்தக் கட்டைக்குள்ள கிட்டத்தட்ட 12.7 கன அடி மரம் இருக்கு, அதனால மரவாடிக்காரர் பில்லுலயே அஞ்சுல ஒரு பங்கு விட்டுத்தான் குடுத்திருக்காரு.

இப்ப மில்லுக்கு வாங்க. கட்டையை டிராலியில ஏத்தி நாலு பக்கமும் சப்பை, அதாவது வளைஞ்ச ஓரத்துண்டு, எடுத்தா உள்ள நிக்கறது 10.8 இன்ச் சதுரம்தான், அது 8.1 கன அடி. அப்புறம் பேண்ட் சா பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் ரெண்டு மூணு மில்லிமீட்டரை தூளாக்கிடும், அதனால அந்த சதுரத்துல ஒன்பது பலகைதான் உக்காரும், கடைசில ஒரு இன்ச்சுக்கு கம்மியா ஒரு துண்டு மிஞ்சும். ஒன்பது பலகைன்னா 6.75 கன அடி. கட்டை கொஞ்சம் கோணலா இருந்தாலோ, ஓரத்துல பூச்சி அரிக்கற வெள்ளையைக் கழிச்சாலோ ஆறரை வந்துடும். அவர் மேல தப்பில்ல சார்.

சந்தேகப்பட வேண்டிய இடம் டேப்பு. நடுவுல வச்சு அளக்கணும், அடிக்கட்டை பக்கம் வச்சா கணக்கு ஏறிடும், பட்டையோட அளந்தா இன்னும் ஏறும். சப்பைக்கட்டை யாருக்குன்னும் அறுக்கறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க, சின்ன ரீப்பர், அதாவது மெல்லிசான மரச்சட்டம், எடுக்கலாம்.

கேள்வி: அறுத்த பலகையில உடனே கதவு செய்யலாமா?
(வாசகி, கொளத்தூர்)

பதில்: வேணாம்மா. வருஷ வளையத்தோட போற திசையில மரம் சுருங்கறது, நடுவுலருந்து வெளிய போற திசையை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதான் பச்சைப் பலகை கிண்ணம் மாதிரி வளையுது. நிழல்ல, தரையை விட்டுத் தூக்கி, பலகைக்குப் பலகை நடுவுல ஒரே கனத்துல ரீப்பர் குடுத்து அடுக்குங்க, ரெண்டு முனையிலயும் பெயிண்ட் அடிச்சா வெடிப்பு குறையும். காத்துல காய ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு பொதுவா சொல்லுவாங்க. அவ்ளோ பொறுமை இல்லன்னா சூளையில காயவச்ச மரமா வாங்கிடுங்க, காசு கூட, ஆனா ஐப்பசி மழையில கதவை தோளால இடிச்சுத் திறக்க வேண்டாம்.

கேள்வி: பர்மா தேக்கு லாக், புது லோடுன்னு சொல்றாங்களே?
(வாசகர், அயனாவரம்)

பதில்: 2014 ஏப்ரல் 1-லருந்து மியான்மர் உருட்டுக்கட்டையை வெளிய அனுப்பறதையே நிறுத்திட்டாங்க. புது லோடுன்னு சொன்னா பேப்பரைக் காட்டச் சொல்லுங்க.