கலச்சுவரோரத்து மென்சவ்வு மடிப்புகள்

கேள்வி: பயிற்சி வினாத்தாள் ஒன்றில் தாவரக் கலத்தின் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் தரப்பட்டிருந்தது. அதில் கலச்சுவருக்கும் முதலுருமென்சவ்வுக்கும் இடையே சிறு குமிழ்களும் குழாய்களும் திரண்டு கிடந்தன. பாடசாலையில் அதை லோமசோம் என்றார்கள். தனியார் வகுப்பில் முதலுருச்சுருக்கத்தின் விளைவு என்றார்கள். எது சரி?
– உயர்தர உயிரியல் மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: முதலுருச்சுருக்கம் அன்று. றியோ இலையின் மேற்றோலைச் செறிந்த வெல்லக் கரைசலில் இட்டால், நீரை இழந்த முதலுரு சுவரை விட்டுப் பெருமளவில் விலகுவதையும், இடைவெளியில் வெளிக்கரைசல் நிரம்புவதையும் ஆய்வுகூடத்தில் கண்டிருப்பீர்கள். வினாத்தாள் படத்திலோ மென்சவ்வு சுவரை ஒட்டியே ஓடி, ஓரிடத்தில் மட்டும் உள்நோக்கிக் குழிந்திருக்கிறது; குமிழ்கள் அந்தக் குழிக்குள் அடங்கியுள்ளன. மென்சவ்வின் தடிப்பு ஏறத்தாழ 8 நானோமீற்றர்தான். ஒளி நுணுக்குக்காட்டியோ 200 நானோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. ஆகவே பாடசாலை நுணுக்குக்காட்டியில் இதனைத் தேடிப் பயனில்லை.

லோமசோம் என்ற பெயரை 1961 இல் மூர், மக்லியர் ஆகிய இருவரும் பங்கசுகளில் கண்ட திரள்களுக்கு இட்டனர். பின்னர் 1968 இல் மார்ச்சன்ட், றொபார்ட்ஸ் என்போர், குழியவுருவின் உள்ளிருந்து வந்த மென்சவ்வுகளால் ஆனவற்றை லோமசோம் என்றும், முதலுருமென்சவ்வே மடிந்து உண்டானவற்றைப் பிளாஸ்மாலெம்மசோம் என்றும் பிரித்து, இரண்டுக்கும் பொதுவாகப் பராமியூரல் உடல் என்ற பெயரை வழங்கினர். பிரிவு நியாயமானதே. ஆயினும் அசையாத ஒரு வெட்டுமுகத்தைப் பார்த்து, அந்தக் குமிழ் உள்ளிருந்து வந்ததா, சுவரோரத்திலேயே பிறந்ததா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. படமெடுப்பதற்காக இரசாயனப் பொருள்களால் கலத்தை மெதுவாக நிலைநிறுத்தும்போதும் (அதன் அமைப்பு மாறாதபடி பதப்படுத்தும்போதும்) மென்சவ்வு குலைந்து இத்தகைய தோற்றம் ஏற்படலாம். அதனால்தான் உயர் அழுத்தத்தில் நொடிப்பொழுதில் உறையவைத்த மாதிரிகளை ஆய்வாளர் கூடுதலாக நம்புகின்றனர். அதற்காக எல்லாவற்றையும் தயாரிப்புக் குறை என்று தள்ளிவிடவும் கூடாது: சாம்பல் நோய்ப் பங்கசு தாக்கிய பார்லி இலைகளில், கலம் தன் சுவரைத் தடிப்பாக்கும் இடத்தை அண்டியே இவை காணப்பட்டுள்ளன.

மடிப்பின் தொழில் தெளிவாகத் தெரிந்த இடம் காரா என்னும் பச்சை அல்காவாகும். அதன் கணுவிடைக் கலம் ஒன்றே பல சென்ரிமீற்றர் நீளமாக வளரும். அக்கலத்தின் முதலுருமென்சவ்வு ஆங்காங்கே சிக்கலான குழாய் வலையாக மடிந்திருக்கும்; இதுவே காராசோம். இதனால் மென்சவ்வின் பரப்பு பெருகி, புரோத்தனை (ஐதரசன் அயனை) வெளியேற்றும் பம்பிகள் ஏராளமாக அமைய இடம் கிடைக்கிறது. வெளியேறும் புரோத்தன் சுவரோர நீரை அமிலமாக்க, அங்குள்ள இருகாபனேற்று அயன் காபனீரொட்சைட்டாக மாறி, ஒளித்தொகுப்புக்காக எளிதில் உட்புகுகிறது. அமில வலயங்களுக்கு இடையிடையே கார வலயங்கள் அமைவதால், அங்கே கல்சியம் காபனேற்று படிந்து தாவரம் சொரசொரப்பாகிறது. காராவைப் பல நாட்கள் இருளில் வைத்தால் காராசோம்கள் சிதைகின்றன; ஒளியில் வைத்தால் மீண்டும் உருவாகின்றன. தயாரிப்பில் நேர்ந்த வெறும் குலைவு ஒளிக்கும் இருளுக்கும் ஏற்ப இவ்வாறு மாறாது என்பதே எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது.

பரீட்சையில் வேறு தகவல் தரப்படாவிடின் ‘பராமியூரல் உடல்’ என்று எழுதுங்கள். லோமசோம் என்பது பிழையன்று. ஆனால் படம் காட்டுவதைவிட ஒரு படி அதிகமாகச் சொல்கிறது.

கேள்வி: காராவின் அமில, கார வலயங்களை மாணவருக்குக் காட்ட வழியுண்டா?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: உண்டு. தெளிந்த, ஓட்டமில்லாத நன்னீரில், குளத்தின் ஆழம் குறைந்த ஓரங்களில் காராவைத் தேடுங்கள். கையில் நெருடும், கசக்கினால் பூண்டு வாடை வீசும். கணுவிடை ஒன்றைக் காயப்படாமல் வெட்டியெடுத்து, சிறிதளவு சோடியம் இருகாபனேற்றும், அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் காட்டும் பீனோல் சிவப்பும் கலந்த ஐதான கரைசலில் அசையாமல் கிடத்தி, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். கலத்தின் நெடுகிலும் அமிலப் பகுதி மஞ்சளாகவும் காரப் பகுதி இளஞ்சிவப்பாகவும் மாறிமாறித் தெரியும். தட்டை அசைத்தால் நிறங்கள் கலந்துவிடும்.