அவர்களிடமே கேளுங்கள்: டிமென்ஷியா பற்றி பெங்களூர் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நோய், அல்சைமர் அதில் ஒரு வகை) ஆய்வுகளுக்காகப் பெங்களூரில் தமிழ் பேசும் வீடுகளுக்குப் போய், நோயாளியிடமும் பார்த்துக்கொள்கிறவரிடமும் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்பும் வேலையைப் பதினொரு வருடம் செய்தவள். என் அப்பாவையும் இதே நோயோடு ஏழு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். மருந்தின் அளவு பற்றிக் கேட்டவர்கள் உங்கள் நரம்பியல் டாக்டரிடமே கேளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். மற்றதற்கெல்லாம் தெரிந்தவரை சொல்கிறேன்.

அல்சூரிலிருந்து: அக்கா, அம்மாவுக்கு 74 வயது, அல்சைமர். ஞாபகப் பரிசோதனையில் போன வருடம் 30க்கு 21, இந்த வருடம் 16. மார்க் இப்படி இறங்கினால் அம்மாவுடைய வாழ்க்கையும் அவ்வளவுதானா? ராத்திரி தூக்கமே வருவதில்லை.

அந்த 16 அம்மாவின் ஞாபகத்துக்கும் கணக்குக்கும் கிடைத்த மார்க், அவ்வளவுதான். அம்மா எப்படி வாழ்கிறார் என்று பார்க்க வேறு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் ரெபெக்கா லாக்ஸ்டன் குழுவினர் 1999இல் வெளியிட்ட கேள்வித்தாளைத்தான் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 13 கேள்விகள். உடம்பு எப்படி இருக்கிறது, தெம்பு எப்படி, மனசு எப்படி, இருக்கிற இடம், ஞாபகம், குடும்பம், கணவன் மனைவி உறவு, நண்பர்கள், தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார், வீட்டு வேலை செய்ய முடிகிறதா, பிடித்ததைச் செய்ய முடிகிறதா, பணம், மொத்தத்தில் வாழ்க்கை. ஒவ்வொன்றுக்கும் மோசம், சுமார், நல்லது, ரொம்ப நல்லது என்று நாலில் ஒரு பதில். ஞாபகம் அந்த 13இல் ஒன்றே ஒன்று, கவனித்தீர்களா?

இதே தாளைப் பார்த்துக்கொள்கிறவரிடமும் கொடுத்து, "அவருக்கு எப்படி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வரும் முடிவு இதுதான்: நோயாளி தன் வாழ்க்கைக்குப் போடும் மதிப்பெண்ணைவிட, பார்த்துக்கொள்கிறவர் போடுவது குறைவாக இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. நோயாளியின் மதிப்பெண் ஞாபக மார்க்கோடு அவ்வளவாக ஒட்டி வருவதில்லை, மனச்சோர்வோடுதான் ஒட்டி வருகிறது. பார்த்துக்கொள்கிறவர் களைத்துப் போயிருந்தால் அவர் போடும் மதிப்பெண்ணும் இறங்கிவிடுகிறது.

ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீடு. மார்கழி மாதம், பாட்டி தரையில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். என்ன கிழமை என்று கேட்டேன், தெரியவில்லை. "வீட்டு வேலையெல்லாம் செய்ய முடியுதா பாட்டி?" என்று கேட்டால் என்னை நிமிர்ந்து பார்த்து, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்றார். பக்கத்தில் பிதுக்கிய பருப்பு ஒரு தட்டு நிறைய. ரொம்ப நல்லது என்று குறித்துக்கொண்டேன். உள்ளே மகள் அதே கேள்விக்கு மோசம் என்று குறித்தார், ஏனென்றால் அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார் என்று ஆறு மாதமாகச் சமையலறைக்குள் விடுவதில்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டிக்கு எது மிச்சம் இருக்கிறது என்பது அந்தத் தட்டில்தான் தெரிந்தது. இன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் இந்த 13இல் நாலைந்தை மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மனசு பற்றிய கேள்விக்கு மோசம் என்று வந்தால் அடுத்த முறை டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள், மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு.

பனசங்கரியிலிருந்து: மாமனார் நாற்பது வருடம் இங்கே கன்னடத்தில்தான் வேலை பார்த்தார். இப்போது கன்னடம் பேசினால் விழிக்கிறார், தமிழ் மட்டும்தான். பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் பெண் ஒடிசாக்காரர். என்ன செய்வது?

அப்புறம் படித்த மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி கடைசிவரை நிற்பதும் இந்த நோயில் நிறைய பேருக்கு நடக்கிறது. பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பரிசோதனையை எந்த மொழியில் செய்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். என் அப்பாவை ஒரு மருத்துவமனையில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கேட்டு முடித்து, நோய் ரொம்ப முற்றிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு தமிழில் கேட்டபோது ஏழு மார்க் அதிகமாக வந்தது. அந்த ஒரு காகிதத்தால் எங்கள் வீட்டில் மூன்று மாதம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு இருபது வார்த்தை தமிழ் கற்றுக்கொடுங்கள். தண்ணி, பசிக்குதா, வலிக்குதா, பாத்ரூம், உட்காருங்க, நான் இருக்கேன். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். எழுதி ஒட்டினால் போதாது, நீங்களே அவரோடு இரண்டு நாள் பேசிக் காட்டுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: அமெரிக்காவில் வந்திருக்கும் புது ஊசியைப் பற்றிப் படித்தேன். எவ்வளவு செலவானாலும் அப்பாவுக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

லெகனிமாப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி கிடைத்தது. சுமார் 1,800 பேரிடம் 18 மாதம் சோதித்ததில், நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 18 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் ஊசி போட்டவர்களுக்கும் மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 0.45தான். இழந்த ஞாபகம் திரும்பி வராது, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், ஊசி போட்டவர்களில் சுமார் எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. அதனால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். தம்பி, அப்பா மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் புரிகிறது. அப்பா எந்த நிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன்னால் காது கேட்கிறதா, கண்ணாடி பவர் சரியா, வைட்டமின் பி12, தைராய்டு பார்த்தாயிற்றா, தூக்கத்துக்கோ சிறுநீருக்கோ ஒவ்வாமைக்கோ சாப்பிடும் மாத்திரைகளில் எதுவும் மூளையை மந்தமாக்குகிறதா, இதையெல்லாம் முடித்துவிடுங்கள். செலவு குறைவு. நான் போன வீடுகளில் பாதியில் இதை யாரும் பார்த்திருக்கவில்லை.

மர்பி டவுனிலிருந்து: பாட்டி மூன்று நாளாகத் திடீரென்று ஆளே மாறிவிட்டார். சுவரில் ஆள் நிற்பதாகச் சொல்கிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார். நோய் முற்றிவிட்டதா?

இதைப் படித்ததும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். டிமென்ஷியா மூன்று நாளில் இப்படி மாறாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் உப்பு குறைவது, புது மாத்திரை, மலச்சிக்கல், தலையில் அடி, இதில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அம்மா பையை எடுத்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நிற்கிறார். இதுதான் வீடு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சொல்வதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் அவருக்கு அதில் ஆறுதல் இல்லை.

என் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கங்களை 2001இல் மூடிவிட்டார்கள், அப்பாவுக்கு அது மறந்துபோயிற்று. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் "கேஜ் இறங்கிடும், ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று பூட்ஸ் தேடுவார். கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு. சுரங்கம் மூடியாயிற்று என்று முதல் தடவை சொன்னபோது அழுதார், மறுநாளும் அழுதார், அவருக்கு ஒவ்வொரு நாளும் அது புதுச் செய்தி. பிறகு நான் டிபன் கேரியரில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்து, செருப்பை மாட்டிவிட்டு, அல்சூர் ஏரிப்பக்கம் நடத்திக் கூட்டிப்போவேன். திருவள்ளுவர் சிலை வரைக்கும் போவதற்குள், யார் யார் அன்றைக்கு ஷிஃப்டில் இருக்கிறார்கள் என்று பேர் பேராகச் சொல்வார். திரும்பி வரும்போது "ஷிஃப்ட் முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று கை கழுவப் போய்விடுவார்.

உங்கள் அம்மாவிடம் "எந்த வீடு? அங்கே யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். வீடு என்று சொல்லி அவர் தேடுவது பயமில்லாத ஒரு இடம். நாலரைக்கே விளக்கைப் போட்டு, திரையை மூடி, பசி இருந்தால் ஏதாவது கொடுத்துப் பாருங்கள். இதை அடக்க மனநோய் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மாத்திரைகளால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இலேயே எச்சரித்துவிட்டது. அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் டாக்டர் பார்த்துக் கொடுக்கட்டும்.

ஜெயநகரிலிருந்து: அப்பாவுக்கு சுடோகு வாங்கிக் கொடுத்தேன், தூக்கி எறிந்துவிட்டார். மூளைக்குப் பயிற்சி வேண்டாமா?

பரீட்சை மாதிரி இருந்தால் யார்தான் எறிய மாட்டார்கள்? இங்கிலாந்தில் 2003இல் எய்மி ஸ்பெக்டர் குழு 201 பேரிடம் செய்த ஆய்வில், சிலர் குழுவாகக் கூடி 14 அமர்வுகள், வாரம் இரண்டு, பாட்டு, உணவு, பழைய நாட்கள், செய்தி என்று பேசுவதிலேயே ஞாபகமும் கூடியது, நான் மேலே சொன்ன அந்த 13 கேள்வி மதிப்பெண்ணும் கூடியது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இதைத் தமிழுக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருக்கிறது. இதில் சரியான பதில் என்று எதையும் எதிர்பார்ப்பதில்லை, கருத்துதான் கேட்பார்கள். "முதலமைச்சர் யார்?" என்று கேட்காமல் "காபியா டீயா, எது உசத்தி?" என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து: மாமியாரை ஆறு வருடமாக நான் ஒருத்திதான் பார்க்கிறேன். நேற்று கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை, மேடம்.

இதை எழுதியதற்கு உங்களுக்குக் கும்பிடு போட வேண்டும். பார்த்துக்கொள்கிறவர்களிடம் தனியாகப் பேசும்போது இதை எத்தனையோ பேர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருடம் ஒருவர் மட்டுமே பார்த்தால் யாருக்கும் இந்த நாள் வரும்.

லண்டனில் கில் லிவிங்ஸ்டன் குழு 260 குடும்பத்தினரிடம் செய்த ஆய்வு 2013இல் வந்தது. எட்டே எட்டு அமர்வு. நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வது, கோபம் வரும்போது என்ன செய்வது, உதவியை எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து பேசினார்கள். பார்த்துக்கொள்கிறவர்களின் மனச்சோர்வு குறைந்தது, இரண்டு வருடம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. உங்களைப் பார்த்துக்கொள்வதும் மாமியாருக்கான வைத்தியத்தில் சேர்த்திதான்.

இன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள், பணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் முதியோர் மனநலப் பிரிவு இருக்கிறது, நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை பெங்களூரில் டிமென்ஷியா மையங்கள் நடத்துகிறது, பகலில் விட்டுவரும் வசதி பற்றி விசாரியுங்கள். உங்கள் கணவரையும் அவர் தம்பி தங்கைகளையும் உட்காரவைத்து, வாரத்தில் எந்தெந்த மணிநேரம் யார் என்று காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். கை ஓங்கும் நேரம் மறுபடி வந்தால், அவர் பத்திரமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, பால்கனிக்குப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். சரியா? அடுத்த வாரம் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள்.

ஹெச்ஏஎல் பக்கமிருந்து: எனக்கும் வருமா?

யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கையில் இருப்பது கொஞ்சமில்லை. காது கேளாமை, பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, புகை, தனிமை என்று 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் கணக்கிட்டது. ஹைதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்த நரம்பியல் டாக்டர் சுவர்ணா அல்லாடியின் 2013 ஆய்வில், இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது, பள்ளிக்கே போகாதவர்களிலும்தான். அவர் இப்போது இங்கே நிம்ஹான்ஸில் இருக்கிறார். தமிழும் கன்னடமும் பேசுகிற நமக்கு அது நல்ல செய்தி. பிபி கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?