சி (C) மொழியில் சொந்தமா ஸ்டிரிங் ஒட்டும் ஃபங்ஷன்: கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ஸ்டிர்கேட் (strcat, சி-யோட ரெடிமேட் ஒட்டுத ஃபங்ஷன்) இல்லாம ரெண்டு ஸ்டிரிங்கை ஒட்டணும்னு லேப்ல கேக்காங்க. எங்க ஆரம்பிக்க?

முதல்ல இடத்துக்குக் கணக்குப் போடுங்க தம்பி. ரெண்டு நீளத்தையும் கூட்டி, மேல 1. அந்த 1 கடைசியில வார நல் கேரக்டருக்கு, அதாவது ஸ்டிரிங் முடிஞ்சுதுன்னு காட்டுத 0 பைட்டுக்கு. யூடிஎஃப்-8ல (எழுத்தை பைட்டா வைக்குத முறை) "திருநெல்வேலி" 36 பைட், "தென்காசி" 24. மால்லாக்ல (malloc, மெமரியில இடம் கேக்குத ஃபங்ஷன்) 61 கேக்கணும். கண்ணுக்குத் தெரியுத எழுத்தை எண்ணி 6, 4ன்னு போட்டா போச்சு. தமிழ்ல க, த மாதிரி எழுத்து, புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி கோடு, ஒண்ணொண்ணும் 3 பைட். மால்லாக் நல் பாயிண்டர் (இடம் கிடைக்கலைங்கத அடையாளம்) தரலைன்னு பாத்துட்டு, முதல் 36 பைட்டைக் காப்பி பண்ணுங்க. பொறவு இன்டெக்ஸ் 36லேர்ந்து 25 பைட், நல்லையும் சேத்து.

வள்ளியூர்: ஒட்டுன ஸ்டிரிங்குக்குப் பின்னால குப்பை வருது. சில நேரம் சரியாவும் வருது.

லூப் நல்லைக் கண்டதும் நிக்குது, ஆனா அதைக் காப்பி பண்ணலை. லூப் முடிஞ்சதும் நீங்களே ஒரு நல் போடுங்க. அந்த இடத்துல ஏற்கெனவே 0 கிடந்தா சரியா வந்த மாதிரி ஏமாத்தும். அட்ரஸ் சானிடைசர் (மெமரித் தப்பைப் பிடிக்குத டூல்) போட்டு ஓட்டுனா பெரும்பாலும் மாட்டிக்கிடும். மால்லாக்குக்குப் பதிலா காலாக் (calloc, இடத்தை 0-வா நிரப்பித் தாரது) போட்டு மூடி மறைக்காதீங்க.

அம்பாசமுத்திரம்: சார் (char) பாயிண்டர்ல (எழுத்து இருக்குத இடத்தோட முகவரி) "நெல்லை"ன்னு வச்சு, அது பின்னாலயே ஒட்டுனா செக்மென்டேஷன் ஃபால்ட்னு புரோகிராம் நின்னுருது.

அது ஸ்டிரிங் லிட்டரல் (கோடுல மேற்கோளுக்குள்ள நேரா எழுதுன ஸ்டிரிங்), எழுதக் கூடாத இடம். 64 பைட் சார் அரே (வரிசையா ஒதுக்குன இடம்) எடுத்துக்கோங்க. ஃபங்ஷனுக்குள்ள சைஸ்ஆஃப் (sizeof, அளவைச் சொல்லுதது) கேட்டா 64 வராது; உள்ள போறது அரே இல்லை, பாயிண்டர்தான். 64-பிட் மெஷின்ல பாயிண்டர் சைஸ் 8தான் வரும். சைஸைத் தனி ஆர்கியுமென்ட்டா அனுப்புங்க.

சங்கரன்கோவில்: ஸ்டிர்என்கேட் (strncat, வரம்பு வச்சு ஒட்டுதது) போட்டா பயமில்லைதானே?

பேரை நம்பாதீங்க. மூணாவது ஆர்கியுமென்ட் பஃபரோட (ஸ்டிரிங் இருக்குத இடம்) சைஸ் இல்லை, ஒட்ட வேண்டிய பைட்டோட உச்ச வரம்பு. அதுக்கு மேலயும் ஒரு நல் எழுதும். அதனால மொத்த சைஸ்லேர்ந்து இப்ப உள்ள நீளத்தையும் 1-ஐயும் கழிச்சுக் குடுங்க. முழு சைஸைக் கேக்குதது ஸ்டிர்எல்கேட் (strlcat). ஜிலிப்சியில (glibc, லினக்ஸ்ல உள்ள சி லைப்ரரி) 2023ல, 2.38 வெர்ஷன்லதான் சேர்த்தாங்க. ரெண்டுமே 3 பைட் எழுத்தை நடுவுல வெட்டிப்போடும், ஸ்கிரீன்ல கேள்விக்குறிக் கட்டம் வரும்.

கோவில்பட்டி: ஆயிரம் ஊர்ப்பேரை ஒட்டுனா இழுக்குது.

ஒவ்வொரு தடவையும் நல்லைத் தேடி முதல்லேர்ந்து நடக்குதீங்க. பேருக்கு 36 பைட்னு வச்சா, தேடுததுக்கே கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் பைட். ஒட்டி முடிச்ச இடத்தோட பாயிண்டரை ரிட்டர்ன் பண்ணுங்க. அடுத்தது அங்கேயிருந்தே தொடங்கட்டும்.

தென்காசி: ஒரு ஸ்டிரிங்கை அதோடயே ஒட்டலாமா?

நீளத்தை முன்னாலயே எடுத்து வச்சுட்டு, இடமும் இருந்தா ஒட்டலாம். நல்லைத் தேடி ஓடுத லூப்னா, முதல் எழுத்து நல் மேலயே ஏறிரும், அப்புறம் நிக்காது.