லீவில் வந்த அப்பாவும் நான்கு வயது மகளும்

கேள்வி: என் கணவர் இராணுவத்தில் நாயக் பதவியில் இருக்கிறார். சியாச்சின் பனிமலையில் பணி முடித்து, பதினொரு மாதங்களுக்குப் பிறகு இரண்டு வாரங்களுக்கு முன் விடுப்பில் வந்தார். எங்கள் நான்கு வயது மகளுக்குப் புதுப் பாவாடை உடுத்திக் காட்பாடி ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அவரைக் கண்டதும் அவள் அலறிக்கொண்டு என் புடவையில் முகம் புதைத்தாள். இன்றும் அவர் தூக்க வந்தால் ஓடுகிறாள். “எங்க அப்பா போன்லதான் இருக்காரு” என்கிறாள். அவரோ நள்ளிரவில் எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். பால் கணக்கு முதல் கடன் தவணை வரை இத்தனை நாள் நானே பார்த்ததால், அவர் எதைக் கேட்டாலும் என்மேல் குறை சொல்வதுபோல் படுகிறது. அவர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது? (ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்)

பதில்: உங்கள் மகளுக்குப் பதினொரு மாதம் என்பது அவள் வாழ்ந்த வயதில் ஏறக்குறைய கால்பங்கு. அவள் அறிந்த அப்பா உள்ளங்கையளவு திரையில் சிரித்தவர்; உயரமும் கனத்த குரலும் குத்தும் மீசையும் கொண்டு ரயிலிலிருந்து இறங்கியவர் அவளுக்குப் புதியவர். நானும் பட்டாளத்துக்காரரின் மகள்தான். கறுப்பு டிரங்குப் பெட்டியுடன் அப்பா வாசலில் நின்றபோதெல்லாம் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் நான். “அப்பாகிட்ட போ” என்று என்னைப் பிடித்துத் தள்ளிய கைகள்தான் நினைவில் இருக்கின்றன. ஆகவே அவளைத் தள்ளாதீர்கள், பாட்டியையும் தள்ளவிடாதீர்கள். அவர் தரையில் அமர்ந்து அவளைப் பாராமல் ஏதேனும் வேலை செய்துகொண்டிருக்கட்டும். தானே நெருங்கி வரும் பிள்ளை திரும்ப ஓடுவதில்லை. பள்ளிக்கு அழைத்துப் போகும்போது முதல் சில நாள் நீங்களும் கூடப் போங்கள், பிறகு அவரிடம் விட்டுவிடுங்கள்.

இனி அவரைப் பற்றி. 1984 ஏப்ரலில் சியாச்சினைக் கைக்கொள்ள நடந்த மேகதூத் இராணுவ நடவடிக்கையின் மூலம் நம் படையினர் அதை ஒட்டிய சால்டோரோ முகடுகளில் ஏறியதிலிருந்து அங்கே ஆண்டு முழுவதும் காவல் இருந்து வருகிறது. 18,000 அடி உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான். அதனால் பசி மங்கிவிடும், தூக்கம் துண்டு துண்டாக அறுபடும். பனிப்பிளவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்து நிறுத்துவதற்காக எல்லோரும் ஒரே கயிற்றில் பிணைந்து நடக்கிறார்கள். துப்பாக்கிக் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் அங்கே அதிக உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியன் வீரர்கள் இருந்த சோனம் காவல்நிலையைப் பனிச்சரிவு மூடியது. பலியான பத்துப் பேரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இரவில் விழித்திருப்பதே கடமையாக இருந்தவருடைய உடம்பு, வீட்டுக் கட்டிலில் படுத்த உடனே அந்தக் கடமையை மறந்துவிடாது. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பேச்சு வரும்போது வரட்டும்.

அவர் கணக்குக் கேட்பது குறை சொல்வதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. தான் இல்லாமலே ஓடப் பழகிவிட்ட வீட்டில் தனக்கு என்ன வேலை இருக்கிறது என்று அவர் தேடுகிறார். ஒரு மாலை கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். எவ்வளவு செலவாயிற்று என்பதோடு, அந்த மாதங்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் பட்டது அவருக்குத் தெரியாது. பிறகு ஏதேனும் ஒரு பொறுப்பை முழுமையாக அவரிடம் கொடுங்கள். அவர் உங்களைப்போல் செய்யாவிட்டாலும் திருத்தாதீர்கள். உங்கள் மனத்தாங்கலில் குற்றம் எதுவும் இல்லை. இத்தனை மாதம் தனியாகச் சுமந்தவருக்கு அது வரத்தான் செய்யும்.

ஆனால் தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், கடுஞ்சினம், குடி ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் தயங்காமல் இராணுவ மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அவர் பேச விரும்பாவிட்டாலும் நீங்கள் பேசலாம்.

கேள்வி: என் மகன் காஷ்மீரிலிருந்து 60 நாள் விடுப்பில் வருகிறான். வந்த மறுநாளே பெண் பார்க்கப் போகவும், அந்த வாரமே குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டவும் ஏற்பாடு செய்துவிட்டோம். சரிதானே? (ஒரு தாய், தேனி மாவட்டம்)

பதில்: அம்மா, ஏறக்குறைய மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கும் பிள்ளையை மறுநாளே காரில் ஏற்றாதீர்கள். முதல் வாரத்தில் சாப்பாடும் தூக்கமும் மட்டும் போதும். பெண் பார்க்கும் தேதியை அவனிடம் கேட்டுவிட்டு வையுங்கள். கிடா வெட்டை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளினால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது. வரும் உறவினர்களிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவையுங்கள்: “எத்தனை பேரைச் சுட்டாய்?” என்று யாரும் அவனிடம் கேட்கக் கூடாது. விளையாட்டாகக் கேட்கப்படும் அந்தக் கேள்விக்குப் பிறகு சாப்பாட்டு இலையிலிருந்து எழுந்துபோன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கடைசி மூன்று நாட்களுக்கும் எந்த ஏற்பாடும் வேண்டாம். பெட்டி அடுக்கவும், நண்பர்களுக்கான முறுக்கைச் சுட்டுக் கட்டவும், உங்கள் அருகில் சும்மா உட்கார்ந்திருக்கவும் அந்த நாட்கள் அவனுக்கு வேண்டியிருக்கும்.